செக்கர் நாய் பழக்கிய கதை

எங்கள் ஊர் காஜா பெராங்கில் தன் நிழலிடமே டிக்கெட் கேட்கக்கூடிய மனிதர் ஒருவர்தான் இருந்தார். நிழல் டிக்கெட்டை எடுத்து நீட்டியிருந்தாலும், அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இது நேத்து டிக்கெட் இல்லையே?" என்று கேட்டுவிட்டுத்தான் மேலே நடந்திருப்பார்.

அவருடைய பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. பாதி வழியில் பஸ்ஸில் ஏறி டிக்கெட் பரிசோதிக்கும் உத்தியோகம் என்பதால் அவர் செக்கர். அவர் மனைவி செக்கரம்மா. யாராவது துணிந்து, "அண்ணே, உங்க பேரு என்ன?" என்று கேட்டால், "எதுக்கு?" என்பார். எதுக்கு என்று யோசித்துப் பார்த்தால் கேட்டவருக்கே விளங்காது. வந்த வழியே திரும்பிவிடுவார்.

என் சைக்கிள் கடை அவர் வீட்டுக்கு நேர் எதிரே, சடக்கு என்று நாங்கள் சொல்லும் சாலையின் ஓரத்தில் இருந்தது. அவருடையது பலகை வீடு. தகரக் கூரை, முன்னால் ஓர் இரும்பு கேட். அந்தக் கேட்டைத் தபால்காரர் திறந்தாலும் சரி, ரொட்டிக்காரர் திறந்தாலும் சரி, வாலை மிதித்த பூனை மாதிரி கீச்சென்று கத்தும். செக்கர் திறந்தால் மட்டும் சத்தமே வராது. ஒரு கையால் கேட்டை இலேசாகத் தூக்கிப் பிடித்து, குழந்தையை இறக்கி வைப்பதுபோல நகர்த்துவார். தான் வருவதும் போவதும் தெருவுக்குத் தெரியக்கூடாதாம்.

"ஆளு இருக்கானா இல்லையான்னு தெரியாத வீட்டுலதான் திருடன் கை வைக்க யோசிப்பான், தம்பி."

"நம்ம தெருவுல திருடனே இல்லையேண்ணே."

"இன்னும் மாட்டலைன்னு சொல்லு."

ஒருமுறை சைக்கிளுக்கு டியூப் வாங்க வந்தார். நான் காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் காட்டினேன். ஒரு குமிழிகூட வரவில்லை. குனிந்து பார்த்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"வேற தண்ணி கொண்டா."

"இந்தத் தண்ணிக்கு என்னண்ணே?"

"இது உன் கடைத் தண்ணி. உன் பக்கம்தான் பேசும்."

சடக்கைத் தாண்டிப் போனார். கேட்டைத் தூக்கினார். தன் வீட்டிலிருந்து ஒரு வாளித் தண்ணீரைத் தளும்பத் தளும்பக் கொண்டுவந்து அதில் டியூப்பை முக்கினார். அதிலும் குமிழி வரவில்லை. சொந்த வீட்டுத் தண்ணீரும் காலை வாரிவிட்டது என்ற முகத்தோடு டியூப்பை வாங்கிக்கொண்டு போனார்.

அவர் மனைவியிடமே டிக்கெட் கேட்டார் என்று ஒரு கதை உண்டு. அது கதையல்ல, நடந்தது. அந்தம்மா ஒருநாள் பண்டார் ஹிலிருக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது இவர் வழியில் ஏறியிருக்கிறார். ஒவ்வோர் ஆளாகக் கேட்டுக்கொண்டு வந்து, "டிக்கெட்" என்று மனைவியிடமும் நின்றிருக்கிறார். அந்தம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே இருந்தாராம். மறுபடி கேட்டும் திரும்பவில்லை. தோளைத் தொட்டுக் கையை நீட்டிய பிறகுதான் டிக்கெட்டை எடுத்துக் கொடுத்தாராம். அந்த வண்டியின் கண்டக்டர் எங்கள் தெரு கோப்பிக் கடையில் உட்கார்ந்து இதைச் சொன்னபோது, "புருஷன் கேட்டுக்கூட மூஞ்சியத் திருப்பல. அவருக்குச் சந்தேகம், அவங்களுக்குத் திமிரு. நல்ல ஜோடிதான்" என்று முடித்தார்.

தெருவும் அப்படித்தான் நினைத்திருந்தது. செக்கரம்மாவை வாசலில் நின்று கூப்பிட்டால் பதில் வராது. சடக்கில் எதிரே வரும்போது பேசினால், முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு ஒரு தலையசைப்போடு போய்விடுவார். ஆனால் அவர் வீட்டுக்குள் பேசினால் தெருக்கோடி வரை கேட்கும். "அதிகாரக் குரல்" என்று பக்கத்து வீட்டு மீனாட்சியக்கா பெயர் வைத்திருந்தார். மீனாட்சியக்காவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வதென்றால், எங்கள் தெருவுக்குப் பத்திரிகை தேவைப்படவில்லை.

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த அன்று கோப்பிக் கடை வானொலியைச் சுற்றித் தெருவே கூடியிருந்தது. கடையின் சீன முதலாளி தவுக்கே எல்லாருக்கும் சும்மாவே கோப்பி ஊற்றினார். செக்கர் அந்தக் கோப்பியை முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"சுதந்திரம் வந்தாச்சுண்ணே" என்றேன்.

"யாரு பார்த்தா?"

"ரேடியோவுல சொல்றாங்களே."

"பஸ்ஸுல எல்லாருந்தான் டிக்கெட் எடுத்துட்டேன்னு சொல்றான்."

இப்படிப்பட்டவருக்குத்தான் சோதனையாக மூவார் வந்து சேர்ந்தது. பஸ் கம்பெனி அவரை அந்த வழித்தடத்துக்கு மாற்றியது. கடைசி பஸ்ஸோடு மூவாருக்குப் போய், அங்கேயே படுத்து, காலை முதல் பஸ்ஸில் திரும்ப வேண்டும். தீபாவளி முடிந்ததும் புது வேலை தொடங்கும். இரவெல்லாம் செக்கரம்மா வீட்டில் தனியாக இருக்க வேண்டும். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை, உறவு என்று சொல்லிக்கொண்டு வருபவர்களும் இல்லை. வந்திருந்தால் அவர்களிடமும் டிக்கெட் கேட்டிருப்பார்.

செய்தி வந்த நாளிலிருந்து செக்கர் சாப்பிடுவது குறைந்துவிட்டது என்று மீனாட்சியக்கா சொன்னார். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அவர் கடைக்கு வந்து நின்றபோது எனக்கே தெரிந்தது. நான் கோர்த்துக்கொண்டிருந்த சக்கரத்தைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றுவிட்டு, "தம்பி, இந்தத் தெருவுல ராத்திரி யாரை நம்பலாம்?" என்று கேட்டார். அவர் நம்பு என்ற சொல்லைச் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

"என்னை நம்புங்கண்ணே."

அவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுவாரம் ஒரு நாயோடு வந்தார்.

கித்தா என்கிற ரப்பர்த் தோட்டத்தின் துரை ஒருவர் ஊருக்குக் கப்பல் ஏறும்போது விட்டுப்போன அல்சேஷன் நாய். கன்றுக்குட்டி உயரம், நீதிபதி முகம். துரையின் சமையல்காரரிடம் செக்கர் அரைநாள் குறுக்கு விசாரணை நடத்தியிருக்கிறார். நல்ல நாயென்றால் ஏன் விட்டுப் போகிறார், கெட்ட நாயென்றால் ஏன் இத்தனை நாள் வைத்திருந்தார் என்பது கேள்வி. சமையல்காரர் களைத்துப்போய்க் கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டாராம்.

நாய் தெருவில் இறங்கியதும் எல்லாருக்கும் வாலாட்டியது. எனக்கு, தவுக்கேவுக்கு, மீனாட்சியக்காவுக்கு, சடக்கில் போன மாட்டுவண்டிக்கு. செக்கருக்கு அது பிடிக்கவில்லை.

"துரைக்கு ஆட்டின வாலு. இப்ப எந்தப் பக்கம்னு தெரியல" என்றார்.

நாய்க்கு அவர் இரண்டு பெயர் வைத்தார். வெளியே சொல்ல டைகர். உண்மைப் பெயர் வேறு. அது அவருக்கும் மனைவிக்கும் மட்டும்தான் தெரியுமாம். பெயர் தெரிந்தால் திருடன் கூப்பிட்டு மடக்கிவிடுவானாம். நாங்கள் டைகர் டைகர் என்று கூப்பிடும்போது நாய் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்க்கும். ஆனால் முதல் வாரத்திலேயே செக்கரம்மா சோறு போடும்போது உண்மைப் பெயரைத் தன் அதிகாரக் குரலில் கூப்பிட, அது கோப்பிக் கடை வரை வந்து சேர்ந்துவிட்டது. தெரு முழுக்க அந்தப் பெயர் தெரியும். செக்கரிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. அவர் வீடு திரும்பும் நேரங்களில் நாக்கைக் கடித்துக்கொண்டு டைகர் என்றே சொன்னோம்.

அடுத்தது பயிற்சி. பத்து பெரெண்டாம் என்ற ஊரிலிருந்து கேப்டன் என்று ஒருவர் வந்தார். பட்டாளத்து முகாம் ஒன்றில் நாய்கள் இருந்த கொட்டகையில் வேலை பார்த்தவர். கேப்டன் பட்டத்தை யார் கொடுத்தார்கள் என்று தெரியாது. மீசையைப் பார்த்தால் அவரே எடுத்துக்கொண்டதாகத்தான் இருக்கும். விசாரணை என் கடை வாசலில் நடந்தது, தெருவே பார்க்க.

"நீங்க அங்க நாயைப் பழக்கினீங்களா, குளிப்பாட்டினீங்களா?" என்றார் செக்கர்.

"குளிப்பாட்டாம பழக்க முடியாது சார்" என்றார் கேப்டன்.

செக்கர் அதை மனதுக்குள் திருப்பிப் பார்த்தார். ஓட்டை தெரிந்தது, விரல் நுழையவில்லை.

கேப்டன் தொண்டையைச் செருமினார். "பயிற்சி மூணு வகை சார். வீட்டைப் பார்த்து, வீட்டுல இருக்கிற ஆளைப் பார்த்துத்தான் எதுன்னு முடிவு பண்ணணும். முதல் வகை, சொல் கேக்கிறது. உக்காருன்னா உக்காரும், நில்லுன்னா நிக்கும், வான்னா வரும்."

"யாரு சொன்னா?"

"யாரு சொன்னாலுந்தான்."

"அப்ப திருடன் உக்காருன்னா?"

கேப்டன் மீசையைத் தடவினார். இந்தக் கேள்வியை முகாமில் யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. "உக்காரும்" என்றார்.

"வேணாம்."

"ரெண்டாவது, குரைக்கிறது. அந்நியன் கேட்டுல கை வெச்சா தெருவே எழுந்திரிக்கிற மாதிரி குரைக்கும், ஆனா கடிக்காது. பொம்பள தனியா இருக்கிற வீட்டுக்கு இதுதான் சார் நல்லது. சத்தம் கேட்டதும் வீட்டம்மா கதவைத் தாழ் போட்டுக்கலாம், அக்கம்பக்கத்துல இருக்கிறவங்களும் ஓடி வந்துடுவாங்க."

தெரு முழுக்கத் தலையாட்டியது. தவுக்கேகூட, "இது பாகுஸ் லா" என்று மலாயில் மெச்சினார். நியாயமான யோசனை. செக்கர் மட்டும் எதிரே தன் வீட்டைப் பார்த்தார். சமையலறை ஜன்னலில் செக்கரம்மாவின் முதுகு தெரிந்தது. அவர் முகத்தில் ஏதோ வந்து போயிற்று.

"குரைக்கிறது வேணாம்."

"ஏன் சார்?"

"வேணாம்னா வேணாம். மூணாவது என்ன?"

"பிடிக்கிறது" என்றார் கேப்டன், குரலைத் தாழ்த்தி. "சத்தம் போடாம வந்து கையைக் கவ்வும். விடச் சொல்ற வரைக்கும் விடாது. ஆனா சார், முதல்ல சொல் கேக்கப் பழக்கி, விடுன்னா விடுற அளவுக்குக் கொண்டுவந்து, அதுக்கப்புறம்தான் இதுல கை வைக்கணும். அவசரப்பட்டா நாயும் கெடும், ஆளும் கெடுவான்."

"ஒண்ணாங்கிளாஸ், ரெண்டாங்கிளாஸ்னு நாளைக் கடத்தப் பார்க்கிறே. நேரா மூணாவதுக்குப் போ."

செக்கர் நாயைப் பிடித்துக்கொண்டு சடக்கைத் தாண்டியதும் மீனாட்சியக்கா ஆரம்பித்தார். "குரைக்காத காவல் நாயை எவன் வளப்பான்? யோசிச்சுப் பாருங்க. குரைச்சா தெரு வரும், தெரு வந்தா போலீசு வரும், போலீசு வந்தா வீட்டுக்குள்ள இருக்கிறது வெளிய வரும்."

"வீட்டுக்குள்ள என்னக்கா இருக்கு?"

"அதத்தான் நானும் கேக்கிறேன்."

அன்று சாயங்காலத்துக்குள் செக்கர் வீட்டுப் பலகைக்கு அடியில் ஜப்பான்காரன் காலத்தில் புதைத்த தங்கம் இருந்தது. மறுநாள் காலை அது இரண்டு பெட்டியாகியிருந்தது. செக்கர் எங்களைச் சந்தேகப்பட்டார், நாங்கள் அவரைச் சந்தேகப்பட்டோம், கேப்டன் தன் கூலியைச் சந்தேகப்பட்டார். நாய் மட்டும் எல்லாருக்கும் வாலாட்டிக்கொண்டிருந்தது.

பிடிக்கப் பழக்க ஒரு திருடன் வேண்டும். கையில் கோணியைச் சுற்றிக்கொண்டு வேலி ஏறிக் குதித்து வர வேண்டும், நாய் அந்தக் கையைக் கவ்வ வேண்டும். நான் முன்வந்தேன்.

"நீ ஏன் ஒத்துக்கிறே?" என்றார் செக்கர்.

"உதவிதாண்ணே."

"எந்தப் பக்கமா ஏறணும், நாய் எங்க நிக்கும், எப்படிக் கவ்வும், எல்லாம் உனக்குத் தெரிஞ்சுடும். நாளைக்கு நீ வந்தா?"

"அப்ப அந்தக் கண்டக்டரைக் கூப்பிடலாம்."

"டிக்கெட் கொடுக்காம காசு வாங்குறவன். அவனுக்குத் திருடனா நடிக்க என்ன பயிற்சி வேணும்?"

தவுக்கேயின் தம்பி ஒருவன் இருந்தான், பலசாலி. அவன் ஓட்டம் வேகம் என்பதால் வேண்டாம் என்றார். என் கடைக்கு வரும் முதியவர் ஒருவரைச் சொன்னோம். அவர் மெதுவாக வருவதே சந்தேகமாக இருக்கிறது என்றார். கடைசியில் கேப்டன் கோணியை எடுத்துத் தன் கையில் சுற்றிக்கொள்ளப் போனார்.

"நீ வாத்தியாரு. வாத்தியாரைக் கடிச்சிட்டு நாய் எப்படிப் படிக்கும்?" என்று கோணியைப் பிடுங்கிய செக்கர், தெருவை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். அவர் முழுசாக நம்பக்கூடிய திருடன் ஒரே ஒருவன்தான் மிச்சம்.

அன்று முதல் தினமும் மாலையில் செக்கர் தன் வீட்டுக்குள் தானே திருடப் போனார். கையில் கோணி, முகத்தில் துண்டு, சத்தம் வராமல் பின்வேலி ஏறிக் குதித்துப் பதுங்கிப் பதுங்கி வருவார். கேப்டன் நாயை அவிழ்த்துவிடுவார். முதலில் அது வாலாட்டிக்கொண்டு போய் அவர் துண்டை நக்கியது. பிறகு விளையாட்டு என்று நினைத்துக் கோணியை இழுத்தது. பிறகு அதற்கு ருசி வந்துவிட்டது. பின்வேலிக்கு அப்பால் குடியிருந்த மலாய்க்காரப் பெரியவர் ஒருநாள் என் கடைக்கு வந்து, மிகுந்த மரியாதையோடு, செக்கர் துவானுக்கு உடம்புக்கு ஏதாவதா என்று மலாயில் விசாரித்தார். இல்லை, நாய்க்குப் பாடம் நடக்கிறது என்றேன். "ஓ" என்று சொல்லிவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

விடும்படி சொல்ல ஒரு ரகசியச் சொல் வேண்டும் என்றார் கேப்டன். அதை நாய்க்குக் கற்றுக்கொடுக்கத்தான் வழியில்லை. கேப்டன் சொன்னால் கேப்டனுக்குத் தெரிந்துவிடும். செக்கர் சொல்லலாமென்றால் அவர் அப்போது திருடன். திருடன் பேச்சைக் கேட்டுக் கவ்விய கையை விடலாம் என்று நாய் படித்துவிட்டால் என்ன ஆவது? ஆகவே கேப்டன் தினமும் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்துப் பிரித்துவிட்டார். "சொல்லை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார் செக்கர். எனக்குத் தெரிந்து அவர் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது அது ஒன்றுதான்.

தீபாவளி கழிந்தது. மூவார் வேலைக்கு முந்தின நாள், முதன்முறையாக நாயைக் கட்டாமல் முற்றத்தில் விட்டுவிட்டு செக்கர் காலையில் வேலைக்குப் போனார். மாலையில், இன்னும் வெயில் தாழாத நேரம், காக்கி உடுப்போடு திரும்பி வந்தார். வழக்கம்போலக் கேட்டைத் தூக்கிப் பிடித்தார். சத்தமில்லாமல் திறந்தார், சத்தமில்லாமல் மூடினார். வேப்பமரத்தடியில் படுத்திருந்த நாய் தலையைத் தூக்கியது. சத்தம் போடாமல் வருகிறான், அதே வாசனை, அதே நடை. ஒரு குரைப்பு இல்லை, உறுமல் இல்லை. படித்த பாடத்தை அப்படியே ஒப்பித்தது. வந்து, வலது கை மணிக்கட்டுக்கு மேலே கவ்வி, உட்கார்ந்துகொண்டது.

பல் பதியவில்லை. ஆனால் விடவும் இல்லை.

நான் கையில் சக்கரத்தோடு சடக்கைத் தாண்டி ஓடினேன். மீனாட்சியக்கா, தவுக்கே, கோப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள், எல்லாரும் கேட்டுக்கு வெளியே கூடிவிட்டோம். கேட்டைத் திறக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. செக்கர் ஒரு கையை நாயிடம் கொடுத்துவிட்டு, மற்றக் கையால் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, பஸ்ஸுக்கு நிற்பவர் மாதிரி நின்றார்.

"பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கண்ணே, விட்டுடும்."

"சொன்னா நீங்கல்லாம் கேப்பீங்க."

"கையைக் கவ்விக்கிட்டு நிக்குதேண்ணே."

"அது என் கை. நான் பார்த்துக்கிறேன்." சிறிது நேரம் யோசித்தார். நாயும் பொறுமையாக இருந்தது. "சரி. எல்லாரும் காதைப் பொத்துங்க."

பொத்தினோம்.

"கையை வெச்சா போதாது. விரலை உள்ள விடணும். தவுக்கே, நீங்களுந்தான்."

தெரு முழுக்கத் தெரிந்த ஒரு பெயர் காதில் விழாமல் இருப்பதற்காகத் தெரு முழுக்கக் காதில் விரலை விட்டுக்கொண்டு நின்றது. எனக்கு ஒரு கையில் சக்கரம் இருந்ததால் ஒரு காதைத்தான் அடைக்க முடிந்தது. செக்கர் குனிந்து, நாயின் காதோரம் அந்தப் பெயரைச் சொன்னார். அவர் குரலில் அவ்வளவு செல்லம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. நாய் மகிழ்ந்து வாலை ஆட்டியது. வாயை விடவில்லை.

மீனாட்சியக்கா பொறுமை இழந்து விரலை எடுத்தார். சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. செக்கரம்மா எங்களுக்கு முதுகைக் காட்டி அம்மியில் எதையோ அரைத்துக்கொண்டிருந்தார்.

"செக்கரம்மா, ஏ செக்கரம்மா, இங்க வாங்க" என்று மீனாட்சியக்கா கூப்பிட்டார். அவர் குரல் என் கடையின் தகரத்தைத் தட்டித் திரும்பி வந்தது. ஜன்னலில் இருந்த முதுகு அசையவில்லை.

"பார்த்தீங்களா? புருஷனை நாய் கவ்விக்கிட்டு நிக்குது. திரும்பினாளா? இந்தத் திமிரை நான் எங்கயும் கண்டதில்ல."

"மீனாட்சி" என்றார் செக்கர்.

அவர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நாங்கள் கேட்டதில்லை. மீனாட்சியக்கா வாயை மூடிக்கொண்டார்.

"அவளுக்குக் கேக்காது."

தவுக்கே இன்னும் காதில் விரலோடு நின்று, என்ன சொன்னார் என்று கண்ணால் கேட்டார்.

"ஜப்பான்காரன் காலத்துக் குளிர்காய்ச்சல்" என்றார் செக்கர், நாயைப் பார்த்தபடி. "மருந்து மருந்தா முழுங்கினா. காய்ச்சல் போச்சு, கொஞ்சம் கொஞ்சமா காதும் போச்சு. இப்ப பக்கத்துல நின்னு கத்தினாத்தான் ஏதோ கேக்குது. யாருக்கும் சொல்லாதீங்கன்னா. வெக்கம் அவளுக்கு. எனக்கு பயம். தெரிஞ்சா எவனாவது வந்துடுவான்ல? நாய் குரைச்சு அவளுக்கு என்ன ஆகப்போவுது, சொல்லுங்க. ஊருக்கே கேக்கும். அவளுக்குக் கேக்காது. அதான் கடிக்கிற நாயாப் பழக்கினேன்."

நாயின் வாயிலிருந்து எச்சில் ஒழுகி அவர் காக்கிச் சட்டைக் கையை நனைத்துக்கொண்டிருந்தது. இரண்டு பெட்டித் தங்கத்தையும் தெரு அங்கேயே, அந்த நிமிஷமே, புதைத்துவிட்டது.

எனக்கு என்ன தோன்றியதோ, சக்கரத்தைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டைத் தள்ளினேன். கேட் கீச்சென்று கத்தியது.

நாயின் காது நிமிர்ந்தது. அவ்வளவுதான், செக்கரின் கையைத் துப்பிவிட்டு வீட்டுக்குள் ஓடியது. ஜன்னல் வழியே எல்லாரும் பார்த்தோம். நேராகச் சமையலறைக்குப் போய், அம்மிக்குப் பக்கத்தில் நின்று, செக்கரம்மாவின் இடுப்பில் மூக்கை வைத்து அழுத்தியது. அவர் கையைக் கழுவினார். அடுக்கிலிருந்து ஒரு துண்டுத் தோசையை எடுத்து அதன் வாயில் போட்டார். ஜன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

வந்து பார்த்தால், முற்றத்தில் புருஷன், நனைந்த கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. கேட்டில் தெருவே, பாதிப் பேர் காதில் விரலோடு.

"என்ன, எல்லாரும் காதைப் பொத்திக்கிட்டு நிக்கிறீங்க?" என்றார். இத்தனை நாளும் அதிகாரம் என்று நினைத்த அந்தக் குரல் அன்று எங்களுக்கு வேறு மாதிரிக் கேட்டது.

செக்கர் கையாலும் வாயசைப்பாலும் நடந்ததைச் சொன்னார். தெருவுக்குத் தெரிந்துவிட்டது என்று அவர் சொன்ன இடத்தில் அந்தம்மா எங்களை ஒரு பார்வை பார்த்தார். மீனாட்சியக்கா தரையைப் பார்த்தார். பிறகு செக்கரம்மா சிரித்துவிட்டார்.

"இவரு பின்பக்கம் கோணியக் கட்டிக்கிட்டு ஏறிக் குதிச்சிக்கிட்டு இருந்தாரா, நான் பகல்ல இவரு போனதும் இதை அவுத்துவிட்டு முன்பக்கத்துல என் வேலையப் பார்த்தேன். தபால்காரன் வருவான், ரொட்டிக்காரன் வருவான், கேட்டைத் திறந்தா இது காதைத் தூக்கும். ஜன்னல்ல நின்னு பார்த்துக்கிட்டே இருப்பேன். என்கிட்ட ஓடி வந்தா தோசை. வரலைன்னா தோசை இல்ல. இப்ப கேட்டுல காத்தடிச்சாக்கூட வந்து சொல்லுது."

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று வாயசைத்தார் செக்கர்.

"சொன்னா நம்பவா போறீங்க?"

செக்கர் நனைந்த கையை நீட்டிக் காட்டினார். "அப்ப என்னை ஏன் கவ்வுச்சு?"

"கேட்டைத் திறந்து வர்றவங்க எல்லாம் வீட்டுக்கு வர்றவங்க. சத்தமில்லாம வர்றவன் திருடன். அதுக்கு அப்படித்தானே சொல்லிக் கொடுத்தீங்க? இனிமே மனுஷன் மாதிரி கேட்டைத் திறந்துக்கிட்டு வாங்க."

மறுநாள் புறப்படுவதற்கு முன் செக்கர் அதைச் சோதித்துப் பார்த்தார். சும்மா நம்புகிறவரா அவர்? வெளியே போனார். ஒரு காலைச் சடக்கிலேயே வைத்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கேட்டைத் தள்ளினார். அது கத்திய கத்தில் என் கடையில் ஒருவர் கோப்பியைக் கொட்டினார். நாய் உள்ளே ஓடியது. செக்கரம்மா வாசலுக்கு வந்து நின்று, "வந்துட்டீங்களா?" என்றார். எத்தனையோ வருஷமாகத் திருடன்போலத் தன் வீட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்த மனிதரை, வாசலுக்கு வந்து ஒருவர் வரவேற்றார். செக்கர் நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு வெளியே போய் இன்னொரு முறை திறந்தார். சோதனைக்காக என்று எங்களிடம் சொன்னார்.

கேப்டன் இந்தச் செய்தி கேட்டு பத்து பெரெண்டாமிலிருந்து வந்து, "அது நாலாவது வகை சார். எல்லாருக்கும் சொல்றதில்ல" என்றார்.

மூவார் வேலை தொடங்கியது. செக்கர் வெளியூரில் தங்கும் நாள்களில் சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்துக்கு மீனாட்சியக்கா போய் அந்தக் கேட்டைத் தள்ளுவார். நாய் ஓடும், செக்கரம்மா வருவார், இருவரும் வாசல்படியில் உட்கார்ந்து முகத்துக்கு முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டால், "நாய்க்குப் பாடம் மறந்துடக் கூடாதுல்ல?" என்பார். அவர் கொண்டுபோன தோசையை நாய் வேண்டாமென்று சொன்னதே இல்லை. தெருவிலும் எங்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. அந்தப் பக்கம் போகும்போது கேட்டை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு, ஜன்னலில் எட்டிப் பார்க்கும் முகத்துக்குக் கையைக் காட்டிவிட்டுப் போவோம்.

செக்கர் என் கடைக்கு வந்து விசாரித்தார்.

"மீனாட்சி ஏன் தினம் வர்றா? அவளுக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம்ணே."

"அதான் சந்தேகமா இருக்கு."

எனக்கும் ஒரு கட்டளை இருந்தது. எண்ணெய் டப்பாவோடு அந்தக் கேட் பக்கம் நான் போகக்கூடாது. சைக்கிள் கடைக்காரன் கை சும்மா இருக்காதாம், பார்த்த கீலுக்கெல்லாம் எண்ணெய் விடுமாம். அவர் வீட்டுக்கு சைக்கிளைக் கொண்டுபோய் விட வேண்டுமென்றால்கூட, "கையைக் காட்டு" என்று இரண்டு கையையும் விரித்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார். மழைக்காலத்தில் துரு ஏறி, கேட் முன்பைவிட மோசமாகக் கத்த ஆரம்பித்தது. அவர் சந்தோஷமாக இருந்தார்.

நாய் கிழமாகிச் செத்தது. வேப்பமரத்தடியில் புதைத்தார்கள். அன்று செக்கர் கேட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, கூடியிருந்த எங்களைப் பார்த்து, வெகுநேரம் தயங்கி, "அதோட பேரு டைகர் இல்ல" என்றார். தெருவே ஆச்சரியப்பட்டது. மீனாட்சியக்கா நெஞ்சில் கை வைத்து, "அப்படியாண்ணே?" என்று கேட்டார். அவ்வளவு நன்றாக நாங்கள் எதையும் நடித்ததில்லை. உண்மைப் பெயரை அவர் எங்களுக்குச் சொன்னார். அதை இங்கே நான் எழுதப்போவதில்லை. அவர் எங்களை நம்பிச் சொன்னது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவர்கள் இருவரும் வேறு ஊர் போனார்கள். எந்த ஊர் என்று கேட்டதற்கு, "எதுக்கு?" என்றார்.

அந்த வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் ஒருநாள் என் கடைக்கு வந்தார். கேட் கத்துகிறது, தாங்க முடியவில்லை, கொஞ்சம் எண்ணெய் விட முடியுமா என்று கேட்டார். தீர்ந்துவிட்டது என்றேன். அவர் என் கையிலிருந்த எண்ணெய் டப்பாவைப் பார்த்தார். பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்தார். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். எங்கள் தெருவில் அப்படி ஒரு பார்வையைப் பார்த்து வெகுநாளாகியிருந்தது.